சின்ன மாத்திரை நின்ற பிறகு

மார்ச் 6, வியாழன்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, கை எப்போது நடுங்குகிறது, மனசு எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் அன்றன்றைக்கு எழுதி அடுத்த முறை கோயம்புத்தூர் வரும்போது கொண்டுவர வேண்டுமாம். "நீங்களே எழுதணும்மா. சார் சொல்லச் சொல்ல எழுதக் கூடாது" என்றார் டாக்டர் பர்வீன். என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்குப் பார்க்கின்சன் வந்து நான்கு வருடம் ஆகிறது. வலது கை நடுங்கும். காலையில் உடம்பு பலகை மாதிரி கிடக்கும். அதற்குப் பெரிய மாத்திரை ஒன்று ஆரம்பத்திலிருந்தே போடுகிறேன். போன தீபாவளிக்குப் பிறகு சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றையும் சேர்த்தார்கள். நன்றாகத்தான் வேலை செய்தது. ஜாக்கெட் கொக்கியை நானே மாட்டிக்கொண்டேன். சட்னிக்குத் தேங்காய் உடைத்தேன். அதோடு நிற்காமல், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கழித்துப் போடும் துணியை வாங்கி மிதியடி தைக்கத் தொடங்கினேன். எழுந்தால் மிதியடி. சோறு ஆறிப்போனாலும் மிதியடி. எங்கள் உடுமலை வீட்டில் இருக்கிற கதவுகளைவிட மிதியடிகள் அதிகமாகிவிட்டன.

ஜனவரியில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி கோயம்புத்தூர் ஒண்டிப்புதூரில் ரோசலின் வீட்டுக்குப் போனேன். நான் வேலை பார்த்த டெலிபோன் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறாள். அவள் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. அங்கே போய் இருந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. போன வாரம்தான் வீட்டில் சொன்னேன்.

இன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரே சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருஷமாக் குடும்பம் பண்றோமுங்க டாக்டர். ஒரு சண்டையில்ல, சச்சரவில்ல. திடீர்னு தனியாப் போகோணுங்கறா. அந்தச் சின்ன மாத்திரை பண்ற வேலைதானுங்களே இது?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா போகணும்னு தோணுது?"

"அவளுக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றார் அவர்.

டாக்டர் சீட்டில் ஏதோ குறித்தார். பிறகு, "இந்த மாத்திரை சில பேருக்கு அப்படிப் பண்ணும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோணும். முன்பின் யோசிக்காம முடிவெடுப்பாங்க. ஆனா எடுக்கிற எல்லா முடிவும் மாத்திரையோடதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். மெல்ல மெல்லக் குறைத்து ஒரு மாதத்தில் நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார். சட்டென்று நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

காரில் வரும்போது பொள்ளாச்சி தாண்டியதும் அவர் சொன்னார். "வசந்தா, நா ஒண்ணு சொல்றேன் கேளு. மாத்திரை நின்ன பொறகும் உனக்கு அந்த எண்ணம் இருந்துச்சுன்னா நா குறுக்க நிக்கமாட்டேன். எண்ணம் போயிருச்சுன்னா இந்தப் பேச்சை அத்தோட விட்டரோணும். சம்மதமா?"

நியாயமாகத்தான் பட்டது. "சரிங்க" என்றேன்.

ரோசலின் ஈஸ்டர் வரைக்கும் அறையை எனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அவள் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிடுவாள்.

மார்ச் 9

மாத்திரையை அவரே எடுத்துத் தருகிறார். பெரியது ஒன்று, சின்னதில் உடைத்த பாதி. வாயில் போட்டு விழுங்கும்வரை தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறார். தோப்பில் தேங்காய் இறக்க ஆட்கள் வந்திருந்தும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். அவரை எல்லோரும் நல்லவர் என்று சொல்வது சும்மா இல்லை.

"என்ன எழுதுன?" என்று கேட்டார்.

"கை நடுங்குனதைத்தானுங்க."

"படி பாப்போம்."

கை நடுங்கியதை மட்டும் படித்தேன்.

மார்ச் 11

வேர்த்துக் கொட்டுகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வெயில் ஆரம்பித்துவிட்டது. மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது. துடைப்பதற்குள் அழுகை வந்தது. மாவுக்கு யாராவது அழுவார்களா?

மார்ச் 14

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. அவர் எடுத்தார். ரோசலின்.

"அவ தூங்கறாளுங்க. மேலுக்குக் கொஞ்சம் முடியல. எழுந்திரிச்சாச் சொல்றேன்."

நான் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கீரை உருவறவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்" என்றார். கையெல்லாம் கீரையாக இருந்தது உண்மைதான்.

மாலையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். போனைத் தேட அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 17

இன்று மிதியடிகளை எடுத்துப் பார்த்தேன். சிவப்பும் பச்சையுமாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை ஏன் தைத்தேன்? அதில் என்ன அவ்வளவு இன்பம் இருந்தது? யாரோ தைத்துக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஊசியைத் தொடவே பிடிக்கவில்லை.

அப்போதுதான் பயம் வந்தது. மிதியடி ஆசை இப்படிச் சுவடில்லாமல் போகுமானால் அந்த இன்னொன்றும் போய்விடும் இல்லையா?

ஆடுகிற பல்லை நாக்கு தேடுவது போல, காலையில் கண் விழித்ததும் தேடிப் பார்க்கிறேன். ரோசலின் வீட்டு மாடி. ஜன்னல். துணி காயப்போடும் கயிறு. போகணுமா? போகணும். இன்றைக்கும் இருக்கிறது.

இதை அவரிடம் படித்துக் காட்டவில்லை.

மார்ச் 20

இருக்கிறது.

மார்ச் 21

இருக்கிறது. கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

மார்ச் 23

தெரியவில்லை.

மார்ச் 27

இன்று காலை தேடினேன். இல்லை.

மாடி ஞாபகம் வந்தது, ஜன்னல் ஞாபகம் வந்தது. கயிறுகூட ஞாபகம் வந்தது. படத்தில் பார்க்கிற ஊர் மாதிரி இருந்தது. அங்கே போய் நான் என்ன செய்யப் போகிறேன்? சோறு யார் வடிப்பது? நினைக்கவே உடம்பு கூசியது. எங்கேயும் போக வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம் என்று கிடந்தேன்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பதினோரு மணி வாக்கில் அவர் தோப்பிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"ஏனுங்க, எனக்கு அந்த எண்ணம் போயிருச்சுங்க."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். பிறகு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பாத்தியா? நா அப்பவே சொன்னன்ல? என்ற பொண்டாட்டி அப்படிப் பேசறவ இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

உடனே ஓசூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். காப்பி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை பேருக்குத்தான். குடித்தேன்.

மார்ச் 29

படுத்தே கிடப்பதால் பழையதெல்லாம் வருகிறது. டெலிபோன் ஆபீசில் எல்லோருக்கும் விருப்ப ஓய்வு என்று ஒன்று வந்தது. வாங்குகிறவர்கள் வாங்கலாம், இருக்கிறவர்கள் இருக்கலாம். நான் இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் விண்ணப்பத்தை எழுதி முடித்துப் பேனாவை என்னிடம் கொடுத்தார். "எதுக்கு இன்னும் பஸ்ஸுல இடிபடறே?" என்றார். அக்கறையில் சொன்னதுதான். கையெழுத்துப் போட்டேன். கடைசி நாளன்று எனக்கு மாலை போட்ட அதிகாரி, 'வசந்தாமணி அம்மா தம் விருப்பப்படி' என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. டாக்டருக்கு இது தேவையில்லை.

ஏப்ரல் 1

அவர் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் நல்லபடியாக ஆனால் முடி காணிக்கை என்று வேண்டியிருந்தாராம். மீசையும் போய்விட்டது; எங்கள் கல்யாணத்திலிருந்து அதை அவர் எடுத்ததே இல்லை. மீசை இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருக்கிறார். சந்தனம் பூசிய தலையோடு வாசலில் நின்று, "எப்படி இருக்குது?" என்று கேட்டார். என் மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பஞ்சாமிர்தத்தை என் வாயில் ஊட்டிவிட்டார்.

ஏப்ரல் 3

ஓசூரிலிருந்து மகள் மிருதுளா வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னம்மா இப்படி ஆயிட்டே? பொங்கலுக்கு வந்தப்ப ஓடி ஓடி வேலை பாத்துட்டிருந்தே."

"மாத்திரை குறைச்சாச்சில்ல கண்ணு."

"குறைச்சா இவ்வளவா?"

தலை வாரிவிட்டாள். வாரிக்கொண்டே, "ரோசலின் ஆன்ட்டி எனக்குப் போன் பண்ணாங்க. நீ எடுக்கவே மாட்டேங்கறியாமே. ரூம் வேணுமா வேண்டாமான்னு கேக்கறாங்க. வேண்டாம்னு சொல்லிரட்டுமா?" என்றாள்.

"சொல்லு."

சீப்பு நின்றது. "நெசமாத்தானே சொல்றே?"

"எனக்கு எதுவுமே வேண்டாம் கண்ணு" என்றேன். அவள் போனை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 4

குளியலறையில் விழுந்துவிட்டேன். இடது முழங்கையில் அடி. எலும்பு முறியவில்லை. நடுங்குகிற வலது கை தப்பியதால் மெல்ல எழுதுகிறேன்; எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. ஆனால் இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

அவர் கட்டுப் போடுகிறவரைக் கூட்டிவரப் போயிருந்தார். மிருதுளா எனக்கு மாத்திரை தருவதற்காக அவருடைய அலமாரியைத் திறந்தாள். சின்ன மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்றில்கூட ஒரு மாத்திரையும் உடைத்து எடுக்கப்படவில்லை. மார்ச் மாதம் வாங்கிய அட்டைகள்.

அவர் வந்ததும் அவள் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள்.

"அப்பா, அம்மாவுக்குத் தினமும் பாதி கொடுத்தீங்களே, அது எதுல உடைச்சது?"

அவர் என்னைப் பார்த்தார். மொட்டைத் தலையில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"சொல்லுங்கப்பா."

"சுண்ணாம்புச் சத்து மாத்திரை. எலும்புக்குன்னு கொடுத்தாங்கல்ல, அது. அதுவும் வெள்ளைதானே, சின்னதா ஒடைச்சுட்டேன்."

"எப்பயிருந்து?"

"டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னிக்கிருந்து."

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கோணும்னு எழுதியிருக்காங்களே, படிக்கலையா நீங்க?"

"படிச்சேன். வெசம்னு தெரிஞ்ச பொறகு அதை எதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கோணும்?" குரல் உயர்ந்தது. அடுத்த வாக்கியத்தில் உடைந்தது. "ஒரு மாசம் நா காத்திருந்தா அதுக்குள்ள அவ போயிருவா. பஸ் ஏறிப் போனவதானே? மறுபடியும் ஏறமாட்டாளா?"

"அம்மா செத்திருந்தா?"

"அவ போயிருந்தா மட்டும் நா என்ன பண்ணுவேன் மிருதுளா?"

கட்டுப் போட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. கடைசியில் நான்தான், "வாங்க, வாங்க" என்றேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எதுவுமே வராத நாட்கள் இவை. ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். மார்ச் 6 அன்று காரில் "சம்மதமா?" என்று கேட்டாரே. வீட்டுக்கு வந்த கையோடு சுண்ணாம்பு மாத்திரையை உடைத்திருக்கிறார். பிறகு எதற்குக் கேட்டார்?

ஏப்ரல் 7

டாக்டர் பர்வீன் அவரையும் மிருதுளாவையும் வெளியே உட்காரச் சொன்னார். அவர் தயங்கினார். "அவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியாதுங்க" என்று தொடங்கினார். டாக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போனார்.

நான் எழுதியதையெல்லாம் டாக்டர் பொறுமையாகப் படித்தார். 'இருக்கிறது', 'இருக்கிறது', 'தெரியவில்லை' என்ற பக்கத்தில் நெடுநேரம் நின்றார்.

"இந்தப் படபடப்பு, அழுகை, எதுலயும் பிடிப்பில்லாம போனது, இதெல்லாம் மாத்திரையைச் சட்டுனு நிறுத்துனதால வந்ததும்மா. பல பேருக்கு வரும். அதுக்குத்தான் மெல்லக் குறைக்கச் சொன்னேன்."

"அப்ப போக வேண்டாம்னு எனக்குத் தோணுனது?"

"அதையும் முழுசா நம்ப முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. "மாத்திரை போட்டா ஒரு வசந்தாமணி, நிறுத்துனா இன்னொரு வசந்தாமணி. இதுல நா எவ டாக்டர்?"

"அதைக் காட்டற ஸ்கேன் எங்ககிட்ட இல்லம்மா."

"கண்ணாடி போட்டுட்டுப் பேப்பர் படிக்கறேன். கண்ணாடியா படிக்குது? நாந்தானே படிக்கறேன்?"

"கண்ணாடி உங்களுக்குப் படிக்கணும்கற ஆசையைக் கொடுக்காது. இந்த மாத்திரை ஆசையையே கொடுக்கும். அதனாலதான் நாங்க பயப்படறோம்."

அவர் மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. என் வாயும் திறந்துகொண்டது.

"இருபத்திமூணு வயசுல எங்கப்பா இவரைக் காட்டி, சரியான்னு கேட்டாரு. சரின்னேன். புடிச்சுச் சரின்னேனா, அப்பனுக்குப் பயந்து சரின்னேனான்னு ஆரும் சோதிச்சுப் பாக்கல. வேலையை விட்டப்பவும் பாக்கல. அப்பெல்லாம் எனக்குள்ள என்ன ஓடுச்சுன்னு ஆருக்கு வேணும்? எல்லாருக்கும் தோதான முடிவு. இந்த ஒண்ணுக்குத்தான் ஆளாளுக்குச் சோதிக்கறீங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மாத்திரைக்கு முன்னாடி எப்பவாவது தனியா இருக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாகப் போயிருக்கும். யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லீங்க. அப்படி ஒண்ணை நெனைக்கலாம்னே எனக்குத் தெரியாதுங்க."

அவர் தலையசைத்தார். அது எதற்கு அசைந்தது என்று எனக்குப் புரியவில்லை. சின்ன மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்ப எழுதிக் கொடுத்தார். மிதியடி தைக்க வைக்காது, விழவும் விடாது என்றார். "முடிவை நான் மருந்துச் சீட்டுல எழுதித் தர முடியாதும்மா. கொஞ்ச நாள் பொறுங்க. பொறுத்தாலும் நிச்சயமாத் தெரிஞ்சுரும்னு நான் சொல்லல."

இனி மாத்திரையை நானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார், என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டு.

ஏப்ரல் 11

பங்குனி உத்திரம். பருப்பு, பாயசம், வடை. வடையை நானே தட்டினேன். கால் கொஞ்சம் இளகியிருக்கிறது. அழுகை நின்றுவிட்டது.

காலையில் தேடிப் பார்த்தேன். ஜனவரியில் இருந்தது இல்லை. அப்போது நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடினேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தக் குதூகலம் மாத்திரையுடையது என்றால் மாத்திரைக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும். இப்போது அந்த இடத்தில் பயம்தான் இருக்கிறது. தனியாக விழுவேன் என்ற பயம். ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்ற பயம். இவர் என்ன ஆவார் என்ற பயம்.

ஒறம்பரைகளில் ஒருத்தி சாப்பிட வந்திருந்தாள். எனக்குப் பாயசம் ஊற்றப் போனாள். "அவளுக்கு வேண்டாம், இனிப்பு புடிக்காது" என்றார் இவர். எனக்கு இனிப்புப் பிடிக்கும். எப்போதும் பிடிக்கும்.

ஏப்ரல் 13

மிருதுளா அவள் அப்பாவோடு பேசுவதே இல்லை. என்னோடும் சண்டை போடுகிறாள்.

"அப்பா பண்ணது பெரிய தப்பும்மா. அதுக்காக நீ போறது சரின்னு ஆயிராது. ரெண்டும் வேற வேற. கோவத்துல முடிவெடுக்காதே."

"எனக்குக் கோவமே இல்ல கண்ணு."

"இல்லைன்னா அதைவிட மோசம்."

புத்திசாலிப் பெண்.

ஏப்ரல் 15

மாலையில் தென்னைகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்து அவர் என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முடி முள் முள்ளாக வளர்ந்திருக்கிறது.

"மாத்திரை திரும்பப் போட்டு ஒரு வாரம் ஆச்சு. இப்பச் சொல்லு. போகோணும்னு இருக்குதா?"

"ஜனவரில இருந்த மாதிரி இல்லீங்க. பயமாத்தான் இருக்குது."

"அப்ப இரு."

"போறேனுங்க."

அவருக்குப் புரியவில்லை. நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தார். "ஆசையில்லைங்கற. பயமா இருக்குதுங்கற. அப்புறம் எதுக்குப் போற?"

"ஆசை வந்தா மாத்திரைங்கறீங்க. ஆசை போனா மாத்திரை நின்னதாலன்னு டாக்டர் சொல்றாங்க. ரெண்டையும் அக்கட்டால ஒதுக்கி வெச்சுப்போட்டுப் பாத்தேனுங்க."

"பாத்து?"

"பரிச்சை வெச்சது நீங்க. அதுல என்ற பேப்பரை மாத்தி வெச்சதும் நீங்க. நா பாஸ் ஆயிருவேன்னு உங்களுக்கே தோணியிருக்குது. இல்லாட்டி எதுக்கு மாத்தறீங்க?"

வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவர் எழுந்து போகவில்லை.

"நீ விழுந்து கெடந்தா ஆரு தூக்குவா?"

"ரோசலின் தூக்குவா. அவ இல்லாட்டி, தூக்கறவங்க வர்ற வரைக்கும் கெடப்பேன்."

"நா என்ன கெட்டவனா வசந்தா?"

"இல்லீங்க."

உண்மையாகத்தான் சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எழுந்து போய் அவர் தலையில் கை வைத்தேன். சின்னப் பையன் தலை மாதிரி குத்தியது. இரு என்று அவர் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை. நானும் கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு ரோசலினைக் கூப்பிட்டேன். "ஏண்டி, உசுரோட இருக்கியா?" என்றாள். சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 19, சனி

டாக்சி காலையிலேயே வந்துவிட்டது. மிருதுளா பெட்டியை ஏற்றினாள். எனக்குச் சாமான் அதிகமில்லை. நாலு சேலை, மாத்திரைகள், ஒரு குக்கர்.

அவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். "வர்றேனுங்க" என்றேன். "ம்" என்றார். நான் வாசலுக்கு நடந்தேன்.

நிலைப்படி வந்ததும் கால் நின்றுவிட்டது.

இந்த நோயில் அப்படி ஆகும். வாசல், படி, குறுகின இடம் எது வந்தாலும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். போ போ என்று உள்ளே கத்தினாலும் கால் கேட்காது. மிருதுளா டாக்சிப் பக்கத்திலிருந்து, "வாம்மா" என்றாள். எனக்கு வேர்த்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் விழவும் முடியவில்லை, பின்னால் திரும்பவும் முடியவில்லை. என் காலே என்னைப் போக விடவில்லை என்று ஒறம்பரைகள் கதை சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் காலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையோ என்றும் ஒரு கணம் நினைத்தேன். பொய் எழுதக் கூடாது. நினைத்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வலது காலைத் தூக்கி என் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தார்.

குறுக்கே ஏதாவது இருந்தால் அதைத் தாண்டுவதற்குக் கால் தானாக எழும். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது. சமையலறை வாசலில் எனக்குக் கால் ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவர் இப்படித்தான் செய்வார், நினைக்காமலே செய்வார், பேப்பர் படித்துக்கொண்டேகூடச் செய்வார்.

அவர் காலைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன்.

பழக்கத்தில் வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா? திரும்பிப் பார்த்தேன். அவரும் தன் காலைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். ரோசலின் விடியற்காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பிரியாணி செய்தாள். எனக்கு நன்றாகத் தூக்கம் வரவில்லை. புது இடம். பயம் என்னோடு டாக்சியில் ஏறி வந்துவிட்டது.

ஏப்ரல் 24

நேற்று குக்கர் மூடியைத் திறக்க வரவில்லை. கீழே போய் ரோசலினைக் கூப்பிட வெட்கப்பட்டுப் பழம் தின்று படுத்தேன். இன்று கூப்பிட்டேன். உடுமலைக்கே போய்விடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். கை நடுக்கம் சுமார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பால் அடுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. அவர்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"மிருதுளா சொல்லிக் கொடுத்துட்டுப் போனா. தக்காளிச் சோறு ஆக்குனேன். அடிப்பிடிச்சுப்போச்சு." பாத்திரம் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. "வசந்தா, இன்னிக்கு அங்க வரலாமா?"

வருகிறேன் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். வரலாமா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் சொல்லும்வரை அவர் பேசப் போவதில்லை என்று தெரிந்தது.

எனக்கு இன்று அவரைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. வேண்டாம் போலவும் இருந்தது.

"இன்னிக்கு வேண்டாமுங்க" என்றேன்.

"சரி" என்றார். "சரி, அப்ப வெச்சரட்டுமா?"

"வெச்சுருங்க."

வைத்த பிறகுதான், காலை மாத்திரையை இன்னும் போடவில்லை என்பது ஞாபகம் வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தேன். பால் பாதி வழிந்திருந்தது. மீதியில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் காப்பி கலந்தேன்.